குனிந்திருப்பவன் காணும் மைதானம்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயங்களுக்கும் கொழுந்து மடுவத்துக்கும் நடுவே கிடக்கும் துண்டு நிலத்தில் ஒரு ஞாயிறு மாலை பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் மண்திட்டு, மறுபக்கம் சரிந்து இறங்கும் தேயிலை. பந்து தேயிலைக்குள் விழுந்தால் அடித்தவன் அவுட். இறங்கித் தேடி எடுத்து வரவேண்டியவனும் அவனே. சரிவில் ஆடுகிறவர்கள் தங்களுக்கென்று வகுத்துக்கொண்ட சட்டம் அது.

ஸ்டம்புக்குப் பின்னால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் குந்தியிருந்தான். கையில் கிளவுஸ் இல்லை. ஒவ்வொரு பந்துக்கு முன்னும் தலையைத் தூக்கி ஒரு சுற்றுப் பார்ப்பான். "அண்ணே, ரெண்டு அடி மேல ஏறி நில்லுங்க. அவன் அந்தப் பக்கந்தான் தூக்குவான்" என்று தன்னைவிட மூத்தவனிடம் சொல்வான். சொன்ன இடத்துக்கே பந்து போனது. ஆட்டம் முடிந்து வந்தவனிடம் கேட்டேன்: "தம்பி, நீதான் கேப்டனா?"

"இல்லங்க சார். பேட் வச்சிருக்க அண்ணன்தான் கேப்டன். எனக்கு இங்கேருந்து எல்லாம் தெரியுது, அதான் சொன்னேன்."

பேட் வைத்திருப்பவன் தலைவன்; எல்லாம் தெரிந்தவன் குந்தியிருக்கிறான். பையன் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். ஆனால் பதுளை மாவட்டத்துத் தோட்டங்களின் ஒன்றரை நூற்றாண்டுக் கதையை ஒரே மூச்சில் அவன் சொல்லிவிட்டதாகவே எனக்குப் பட்டது.

கிரிக்கெட்டில் விக்கெட் காப்பாளரின் இடம் தனியானது. பந்து வீசுபவரைத் தவிர்த்தால், ஒவ்வொரு பந்திலும் பங்குள்ள களத்தடுப்பாளர் அவர் மட்டுமே. பந்தை விடும் மணிக்கட்டையும் அடிக்கப்போகிறவரின் கால் நகர்வையும் ஒரே பார்வையில் காண்பவரும் அவரே. பேஸ்போலில் இது இன்னும் கூடுதல். களத்தில் நிற்கும் ஒன்பது பேரில் எட்டுப் பேர் உள்நோக்கிப் பார்க்க, முகமூடியணிந்து குந்தியிருக்கும் கேட்சர் மட்டுமே மைதானம் முழுவதையும் எதிர்கொண்டு பார்க்கிறார். எந்தப் பந்தை வீசுவது என்று விரல்களால் குறிகாட்டுவதும் அவரே. உடலை மிகவும் வருத்தும் இடமும், ஆட்டத்தை மிகுதியாகக் கற்றுத்தரும் இடமும் ஒன்றாகவே இருக்கின்றன.

அந்த இடத்தில் கற்றதைக் கொண்டு ஒரு மனிதர் எவ்வளவு தூரம் போகமுடியும் என்பதற்கு ஜப்பானின் பேஸ்போல் கேட்சர் நொமுரா கத்சுயா ஓர் அளவுகோல். 1935 இல் கியோட்டோ மாகாணத்தின் கடலோர ஊரான அமினோவில் பிறந்தவர். சிறு பிள்ளையாக இருந்தபோதே தந்தை சீனப் போரில் இறந்தார். நோயுற்ற தாயின் கைப்பாட்டில் வளர்ந்த அவர், வீடு வீடாகப் பத்திரிகை போட்டுப் பள்ளிக்கூடம் போனவர். 1954 இல் நங்காய் ஹோக்ஸ் அணி அவரைப் பரீட்சார்த்த ஆட்டக்காரராகச் சேர்த்துக்கொண்டது. முதல் ஆண்டு முடிவிலேயே போய்விடு என்றது. கெஞ்சி மன்றாடி ஒட்டிக்கொண்டார்.

அப்படி ஒட்டிக்கொண்டவர் 1961 முதல் 1968 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் தமது லீக்கில் அதிக ஹோம் ரன் அடித்தார். 1965 இல் அடி சராசரி, ஹோம் ரன், ஓட்டம் ஈட்டிக்கொடுத்தல் ஆகிய மூன்றிலும் முதலிடம் பெற்று மும்முடி சூடினார். கேட்சர் ஒருவருக்கு அதுவரை வாய்க்காத பேறு அது. 45 வயது வரை ஆடி, 3017 ஆட்டங்களையும் 657 ஹோம் ரன்களையும் தம் பெயரில் எழுதிவைத்தார். ஜப்பானில் அவருக்கு மேலே இருப்பவர் 868 அடித்த ஓ சதஹாரு ஒருவரே. டோக்கியோவின் நட்சத்திரங்களான ஓவையும் நகஷிமாவையும் சூரியகாந்தி என்று சொன்ன நொமுரா, தம்மைக் கடலோரத்தில் யாரும் பாராமல் பூக்கும் அந்திப்பூ என்றார்.

நம் கதைக்கு வேண்டியது அதற்குப் பிந்திய பகுதி. 1970 இல், முப்பத்தைந்து வயதுகூட நிரம்பாதவரை, நங்காய் அணி முகாமையாளராக்கியது. எட்டு ஆண்டுகள் கேட்சராகவும், முன்வரிசைத் துடுப்பாட்டக்காரராகவும், முகாமையாளராகவும் ஒரே நேரத்தில் இருந்தார். 1973 இல் அணி லீக் பட்டம் வென்றது. 1990 முதல் 1998 வரை யகுல்ட் ஸ்வாலோஸ் அணியை நடத்தி 1993, 1995, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஜப்பானின் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். பிற அணிகள் தீர்ந்துபோனவர்கள் என்று கழித்துவிட்ட ஆட்டக்காரர்களை எடுத்து மீண்டும் ஆடவைத்ததால், அவருடைய அணியைப் பழுதுபார்க்கும் பட்டறை என்றே ஜப்பானியர் அழைத்தார்கள். ஒரு காலத்தில் தாமே கழிக்கப்பட இருந்தவர் என்பதை அவர் மறக்கவில்லை.

கண்ணாடி அணிந்தவர் என்று ஒதுக்கப்பட்டிருந்த புருதா அத்சுயா என்ற கேட்சர் 1990 இல் அவரிடம் வந்துசேர்ந்தார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார் நொமுரா. 1991 இல் புருதா தமது லீக்கின் முதல் துடுப்பாட்டக்காரரானார். 2006 இல் அதே அணியில் ஆடியபடியே முகாமையாளரும் ஆனார். நொமுரா 24 பருவங்கள் அணிகளை நடத்தினார். யகுல்ட்டுக்குப் பின் நடத்திய ஹன்ஷின் அணியில் மூன்று ஆண்டும் கடைசி இடம். மொத்தத்தில் 1565 வெற்றி, 1563 தோல்வி. இரண்டே இரண்டு ஆட்டம் கூடுதல்! ஆனாலும் 2020 இல் அவர் மறைந்தபோது ஜப்பான் ஓர் ஆசானுக்கு உரிய மரியாதையோடு வழியனுப்பியது. பெரும்பாலும் நலிந்த அணிகளையே ஏற்றுக்கொண்ட ஒருவரின் கணக்கை வெற்றி தோல்வியால் மட்டும் எழுதமுடியாது. அவர் எத்தனை பேரைத் தலைநிமிரச் செய்தார் என்பதும் அந்தக் கணக்கில் சேரும்.

நம் நாட்டில் இதற்கு நெருங்கிய வாழ்வு குமார் சங்கக்காரவுடையது. 1977 இல் மாத்தளையில் பிறந்து கண்டியில் வளர்ந்தவர். 2000 ஜூலையில் காலியில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக முதல் டெஸ்ட். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் 134 டெஸ்டுகளில் 12,400 ஓட்டங்கள். ஒருநாள் ஆட்டங்களில் 14,234 ஓட்டங்களும் ஸ்டம்புக்குப் பின்னால் 482 ஆட்டமிழப்புகளும். இந்த எண்களுக்குள்ளே இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. காப்பாளராக ஆடிய 48 டெஸ்டுகளில் அவருடைய சராசரி 40 ஐச் சற்றே தாண்டியது. கிளவுஸைக் கழற்றிவைத்துத் துடுப்பாட்டக்காரராக மட்டும் ஆடிய 86 டெஸ்டுகளில் அது 66 க்கு மேல். நாள் முழுக்கக் குந்தி எழுவது ஒரு மனிதனிடமிருந்து எதை வாங்கிக்கொள்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஏடும் சொல்லிவிடாது.

வாங்கிக்கொண்ட அந்த இடம் திருப்பியும் கொடுத்தது. 2009 இல் அணித்தலைவரானார். 2011 ஏப்ரல் 2 ஆம் திகதி மும்பையில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இரு அணிகளின் தலைவர்களும் விக்கெட் காப்பாளர்கள்: இங்கே சங்கக்கார, அங்கே இந்தியாவின் தோனி. கிண்ணம் தோனிக்குப் போனது. மூன்று மாதம் கழித்து, லண்டன் லோர்ட்ஸில் கவுட்ரி நினைவுப் பேருரை ஆற்ற எழுந்தார் சங்கக்கார. இலங்கைக் கிரிக்கெட் நிர்வாகத்தில் ஊறிய சீர்கேட்டை, அணியில் ஆடிக்கொண்டிருக்கும்போதே, உலகறியச் சொன்னார். களத்தைப் பார்ப்பது போலவே அவர் நாட்டையும் பார்த்திருந்தார். பிற்காலத்தில் எம்சிசி தலைவர் பதவிக்கு வந்த, பிரித்தானியர் அல்லாத முதல் மனிதர் அவரே. 2021 முதல் ராஜஸ்தான் ரோயல்ஸ் அணியின் கிரிக்கெட் பணிப்பாளராக இருந்து, அடுத்த ஆண்டே அதை இறுதியாட்டம் வரை கொண்டுவந்தார்.

அந்த லோர்ட்ஸ் உரையில் மலையகத் தமிழர் மறக்கமுடியாத ஒரு பகுதி உண்டு. 1983 கலவரத்தில் தமது பெற்றோர் கண்டி வீட்டில் தமிழ்க் குடும்பங்களை ஒளித்துவைத்துக் காத்ததை அவர் அங்கே சொன்னார். ஐந்து வயதுப் பிள்ளையான அவருக்கு, நண்பர்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்ட மகிழ்ச்சி மட்டுமே அப்போது தெரிந்ததாம். அதே கலவரத்தில், ஜூலை 27 ஆம் திகதி, பதுளை நகரம் எரிந்தது. கடைகளை இழந்தவர்கள், உடுத்த உடையோடு தோட்டங்களுக்குள் ஓடி வந்தவர்கள், கப்பலேறிப் போய்த் திரும்பாதவர்கள் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் இருக்கிறார்கள். கண்டியில் ஒரு வீட்டுக் கதவு திறந்தது என்ற செய்தி, கதவுகள் மூடப்பட்ட நம்மவருக்கு ஆறுதலும் வலியும் சேர்ந்தே தருகிறது.

சங்கக்கார கிளவுஸ் அணிந்து குந்தியிருந்த ஆண்டுகளில், மறுமுனையிலிருந்து பந்து வீசியவர் முத்தையா முரளிதரன். தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவரின் பேரன். 800 டெஸ்ட் விக்கெட்டுகள். அந்த மணிக்கட்டு பந்தை எந்தப் பக்கம் திருப்பப்போகிறது என்று உலகத் துடுப்பாட்டக்காரர்கள் தடுமாறிய வேளையில், பின்னால் இருந்த காப்பாளர் அதைப் படித்தாகவேண்டும். ஒரு சிங்களவர் ஒரு தமிழரின் கையை எழுத்தெழுத்தாகப் படித்த அந்தக் காட்சியில் நாடு கற்கவேண்டிய பாடம் இருந்தது.

ஆனால் சங்கக்காரவுக்குப் பின்னால் கண்டி திரித்துவக் கல்லூரி இருந்தது. முரளிக்குப் பின்னால் அந்தோனியார் கல்லூரியும் தந்தையின் பிஸ்கட் தொழிற்சாலையும் இருந்தன. பதுளையை உள்ளடக்கிய ஊவாவின் லயத்திலிருந்து எழுந்த ஒருவர் இந்த வரிசையில் ஏன் இல்லை? 2012 இல் நடந்த இலங்கை பிரிமியர் லீக்கில் கிண்ணத்தை வென்ற அணியின் பெயர் ஊவா நெக்ஸ்ட். ஆட்டங்கள் எல்லாம் கொழும்பிலும் பல்லேகலையிலும் நடந்தன. பெயர் நம்முடையது, மைதானம் வேறெங்கோ.

கிரிக்கெட் இங்கே வராமல் இல்லை. தோட்டத் துரைமாரின் கிளப்புகளோடு அது மலையேறி வந்தது. ரதெல்ல மைதானத்தில் வெளிநாட்டு அணிகளே வந்து ஆடின. அதைவிட முக்கியமான தொடர்பு ஒன்று உண்டு. நீண்டகாலமாக, சின்னதுரையாகப் பயிற்சிக்கு எடுக்கப்பட்ட இளைஞர்கள் கொழும்பு, கண்டிப் பெரிய கல்லூரிகளிலிருந்து வந்தார்கள். கல்லூரி அணியில் கிரிக்கெட்டோ ரக்பியோ ஆடியிருப்பது அந்த வேலைக்கு ஒரு தகுதியாகவே மதிக்கப்பட்டது. ஆடத் தெரிந்தவனுக்கு ஆளத் தெரியும் என்ற நம்பிக்கை அது. நம்பிக்கையில் தவறில்லை. அதே ஆட்டத்தை லயத்து முற்றத்தில் ஆடியவனுக்கு அந்த வாசல் திறக்கவில்லை என்பதுதான் தவறு.

அப்படியானால் கொழுந்து பறிக்கும் நிரையிலிருந்து எவருமே உயரவில்லையா? கங்காணி உயர்ந்தார். ஆனால் எதனால்? ஆள் கட்டிக்கொண்டு வந்ததாலும், முற்பணம் கொடுத்துக் கடன் கணக்கு வைத்திருந்ததாலும். தம் பட்டியலில் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் அவருக்குச் சிறு கொடுப்பனவு கிடைத்தது. தேயிலையை அறிந்ததற்காக அவருக்குத் தலைமை வரவில்லை. பேட் அவர் கையில் இருந்தது. கணக்கப்பிள்ளைக்கு எழுத்து தெரிந்திருந்தது. துரைக்குப் பங்களா இருந்தது. எந்த மலையில் எப்போது கொழுந்து தள்ளும், எந்தச் செடி கவ்வாத்துக்குப் பிறகு சோர்ந்து நிற்கிறது என்று அறிந்தவளின் கையில் கூடை மட்டுமே இருந்தது.

இந்த ஒழுங்கை மாற்றிப்பார்த்த நாள்களும் நம் மண்ணில் உண்டு. 1940 மே மாதம், லங்கா சமசமாஜக் கட்சியின் தோட்டச் சங்கம் ஊவாவில் வேர்விட்டிருந்த வேளையில், பதுளையை அடுத்த வெவஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்களுக்குள் வாக்களித்து ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையைக் கலந்தே தோட்டத்தை நடத்துவதாகத் துரையும் ஒப்புக்கொண்டார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த பொலிஸாரின் துப்பாக்கிகளைத் தொழிலாளர்கள் பறித்துவைத்தார்கள். அந்த மாதம் பெருவெள்ளம் ஊவாவை ஒரு வாரத்துக்கு மேலாக நாட்டிலிருந்து துண்டித்தது. அந்த மறைவில் அடக்குமுறை ஏவப்பட்டு எழுச்சி நசுக்கப்பட்டது. எத்தனை குறுகிய காலமானாலும், நிரையில் குனிந்து நின்றவர்கள் தோட்டத்தை நடத்துவதில் பங்கு கேட்டார்கள், பெற்றார்கள். பதுளைப் பாடசாலைகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கவேண்டிய கதை இது.

ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அதைத் தொடர்ந்து நம் வாக்கு போனது. 1964 இலங்கை இந்திய ஒப்பந்தம் இலட்சக்கணக்கானவர்களைத் தலைக்கணக்காகப் பங்கிட்டது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரை போய் உள்ளூர்த் துரை வந்தார். 1992 இல் அவை மீண்டும் தனியார் முகாமைக்குப் போயின. முதலாளி மாறினார், கொடி மாறியது, கடிதத் தலைப்பு மாறியது. பிரட்டுக்களத்தில் நிற்பவருக்கும் பங்களாவில் இருப்பவருக்கும் நடுவே உள்ள படிகள் மட்டும் அப்படியே இருந்தன.

அந்தப் படிகளின் அடியில் என்ன அறிவு கிடக்கிறது என்பதை மாலை நேர மடுவத்தில் நின்று பார்த்தால் தெரியும். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித்தருவது ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையிடுக்குகளால் வீசும் வறண்ட காற்று. அந்தக் காற்றில் இலை வாடி இறுகும்போதுதான் உலகம் விலை கொடுக்கும் மணம் அதில் ஏறுகிறது. அப்படியொரு காற்றுக் காலத்து மாலையில், ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா நெற்றியில் கூடைக் கயிறு பதிந்த தழும்போடு வரிசையில் நின்றார். படங்கை இடுப்பில் இறுக்கியபடி, "பதினேழே கால் இருக்கும்யா" என்றார். தராசில் தொங்கவிட்டார்கள். பதினேழேகால். "எப்படிக்கா தெரியும்?" என்றேன். "தோளுக்குத் தெரியாதா? அந்தக் கீழ்மலை இன்னும் நாலு நாள் கழிச்சிப் பறிச்சிருந்தா நல்லாருந்திருக்கும். கேட்டாத்தானே சொல்றது."

நாட்கணக்குக்குரிய கிலோ வராவிட்டால் அந்த அம்மாவுக்கு அரைப்பேர்தான், அரைநாள் கூலிதான். ஆனால் அந்தக் கீழ்மலையை எப்போது பறிக்கவேண்டும் என்று அவரிடம் கேட்க எந்தப் பதவிக்கும் கடமை இல்லை. நொமுராவின் 3017 ஆட்டங்களைப் போல அவருக்கும் ஆயிரமாயிரம் நாள்கள் நிரையில் கழிந்திருக்கின்றன. ஜப்பானில் அது ஒருவரை ஆசானாக்கியது. இங்கே அது முதுகுவலியாக மட்டும் எஞ்சுகிறது.

செய்யக்கூடியவை கண்ணுக்கெட்டாத தூரத்தில் இல்லை. பதுளையிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தேயிலைத் தொழில்நுட்பத்தில் பட்டம் வழங்குகிறது. அதன் வாசலுக்குச் சில மைல் தூரத்திலுள்ள லயங்களின் பிள்ளைகள் அந்தப் பாடநெறியில் அமர, தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரம் வரை உறுதியாகக் கற்பிக்கப்படவேண்டும். தோட்டக் கம்பனிகள் வெளிக்கள உத்தியோகத்தர் பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது, நிரையில் வேலை செய்த அனுபவத்தையும் ஒரு தகுதியாக எழுத்தில் சேர்க்கவேண்டும். ஆங்காங்கே பெண் கங்காணிகளை நியமித்திருக்கிறார்கள். பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள் என்ற உண்மைக்கு முன் அது ஒரு துளி. கொழுந்துச் சுற்று தீர்மானிக்கும் மேசையில் அந்த அம்மாவுக்கு ஒரு நாற்காலி போடவேண்டும். வெவஸ்ஸயில் 1940 இல் ஒரு துரை ஒப்புக்கொண்டதை இந்த நூற்றாண்டின் முகாமையாளர் ஒப்புக்கொள்ள ஏன் தயங்கவேண்டும்?

நம் சங்கங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. சம்பளத்துக்காகப் பேசியது நியாயம், இன்னும் பேசவேண்டும். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கூலியின் தொகையை மட்டுமே பேசிவந்தால், கூலி என்ற நிலையை நாமே ஏற்றுக்கொண்டதாகிவிடும். 2023 இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோம். முன்னோர் நடந்த வழியில் நடந்தது மரியாதை. அவர்கள் தேடித்தந்த அறிவுக்குப் பதவி கேட்பதே அந்த நடையின் அடுத்த அடி.

பசறைப் பக்கத்துப் பையனிடம் திரும்பி வருகிறேன். இருட்டத் தொடங்கியதும் பேட் வைத்திருந்த அண்ணன் அதைத் தோளில் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். மற்றவர்கள் கலையவில்லை. பலகைத் துண்டொன்றை எடுத்துவந்தார்கள். யார் எங்கே நிற்பது என்ற கேள்வி எழுந்தபோது எல்லோரும் பார்த்தது ஸ்டம்புக்குப் பின்னால் இருந்தவனை. அவன் குந்தியபடியே கையைக் காட்டினான். எட்டுப் பேர் தத்தம் இடத்துக்கு நகர்ந்தார்கள். யாருக்கு எல்லாம் தெரிகிறது என்பது அந்த முற்றத்தில் பிள்ளைகளுக்கு முன்னமே தெரிந்திருந்தது. பெரியவர்களாகிய நாம்தான் இன்னும் பேட் யாரிடம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.